அத்தியாயம் பதினான்கு: ரத்துக்கான காரணம்

தன்னை ஆண்டவரிடம் முழுதாக ஒப்புக்கொடுத்த மனிதர் நிம்மதியாக அல்லவா இருக்க வேண்டும்? நம் லிஃப்ட்காரரோ சனிக்கிழமை காலையில் மூன்றாவது தடவையாக அடுப்புக் குமிழைத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். அது முதல் தடவை பார்த்தபோதே மூடித்தான் இருந்தது.

அவரை எங்கே விட்டுவிட்டு வந்தோம் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். சபையில் மூன்று நாள் அர்ப்பணிப்புக் கூட்டம். கடைசி நாள், வியாழக்கிழமை. “எதையும் பிடித்து வைத்துக்கொள்ளாமல் தங்களை ஆண்டவருக்குக் கொடுக்க விரும்புகிறவர்கள் எழுந்து நில்லுங்கள்” என்றார் போதகர். இருபத்திரண்டு வருடமாக மனைவியை வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, ஆராதனை முடியும்வரை வெளியே ஸ்கூட்டரில் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதர், அன்று பின்வரிசையிலிருந்து எழுந்து நின்றார். அழுதார். அவர் மனைவி தையல்காரம்மா அவரைவிட இரண்டு மடங்கு அழுதாள்.

அதெல்லாம் நடந்து ஒன்பது நாள் ஆகிறது. நாளை ஞாயிறு. ஆராதனையில் அவர் சாட்சி சொல்ல வேண்டும். ஆண்டவர் தன் வாழ்க்கையில் என்ன செய்தார் என்று எல்லோர் முன்னாலும் நின்று எடுத்துச் சொல்ல வேண்டும்.

“எழுதிட்டீங்களா?” என்று கேட்டாள் தையல்காரம்மா.

மேஜைமேல் போர்வையை விரித்து, அவர் நாளைக்குப் போட வேண்டிய வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். துணி தைக்கிறவர்கள் இஸ்திரி போடுவதைப் பார்க்க வேண்டும். முதலில் காலர், பிறகு தோள், அப்புறம் கை, கடைசியில்தான் முதுகு. பெரிய பகுதியை முதலில் தேய்த்துவிட்டால், சின்னப் பகுதிக்காகப் புரட்டும்போது அது மறுபடி கசங்கிப்போகும்.

“எழுதிட்டேன்.”

“எத்தனை வரி?”

“ஒண்ணு.”

“ஒன்பது நாளா ஒரு வரியா! படிங்க, கேப்போம்.”

“‘எல்லாருக்கும் வணக்கம்.’”

“சபையில ‘ஸ்தோத்திரம்’னு சொல்லணும்ங்க. எழுதின ஒரு வரியும் தப்பு.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். இருபத்திரண்டு வருடம் சேர்த்து வைத்திருந்த சிரிப்பு அது. ஒன்பது நாளாக எதற்கெடுத்தாலும் அதுதான் வந்துகொண்டிருந்தது.

அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் லிஃப்ட்காரர் எழுந்து கருவிப் பையைத் தோளில் மாட்டினார்.

“சனிக்கிழமையும் அதுவுமா எங்க?”

“உன் தம்பி கட்டடத்துல சின்ன வேலை.”

“அதைத்தான் அன்னைக்கே முடிச்சாச்சே?”

அவர் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டார். ஹெல்மெட்டில் ஒரு வசதி, காது கேட்கவில்லை என்று பாவனை செய்யலாம்.

*

அன்றைக்கே முடிக்கவில்லை. அதுதான் விஷயம்.

தையல்காரம்மாவின் தம்பி ஒரு நான்கு மாடி மருத்துவமனைக்குப் பொறுப்பாளன். விபத்தில் அடிபட்டவர்கள் திரும்ப நடக்கப் பழகும் இடம் அது. கட்டடத்தின் அத்தனை சாவிகளும் அவன் இடுப்பில் தொங்கும். அவன் வருவதற்கு முன்னால் சத்தம் வரும். ஆகவே அங்கே எல்லோருக்கும் அவன் ‘சாவிக்கொத்து’. லிஃப்ட்காரருக்கு மட்டும் மச்சான்.

அந்தக் கட்டடத்தில் ஒரே ஒரு லிஃப்ட். அதற்கு வருடத்துக்கு ஒரு தடவை முழுப் பரிசோதனை. அதைச் செய்வது லிஃப்ட் கம்பெனியின் பரிசோதகரான நம்மவர். பரிசோதனைச் சீட்டில் பதினொரு வரிசைகள் உண்டு. கதவுப் பூட்டு, கயிறு, விளக்கு, அபாய மணி என்று பத்து வரிசைகளை அந்த வியாழக்கிழமை அவர் ஒழுங்காகப் பார்த்தார். பதினோராவது, பிரேக்.

லிஃப்ட் பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மின்சாரம்தான் லிஃப்டைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறது, கரண்ட் போனால் தடாலென்று கீழே விழுந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நேர்மாறு. மொட்டைமாடி அறையில் மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு இரும்பு உருளை இருக்கிறது. அதை இரண்டு பக்கமும் இரண்டு கட்டைகள், இரண்டு உள்ளங்கைகள் ஒரு குடத்தை அமுக்கிப் பிடிப்பதுபோல, பிடித்துக்கொண்டிருக்கும். பிடிக்க வைப்பது வெறும் ஸ்பிரிங். மின்சாரத்தின் வேலை, அந்தக் கைகளை விரிப்பது. லிஃப்டில் ஏறிப் பொத்தானை அழுத்தியதும், நகர்வதற்கு ஒரு கணம் முன்னால் மேலே எங்கோ ‘டக்’ என்று கேட்குமே, அது கைகள் விரியும் சத்தம். கரண்ட் போனால் கைகள் தாமாகவே மூடிக்கொள்ளும்.

நன்றாக மூடுகிறதா என்று பார்க்க வேண்டும். சும்மா பார்த்தால் போதாது. எட்டுப் பேர் என்று எழுதிப்போட்ட லிஃப்டில் ஒன்பதாவது ஆள் “நான் ஒல்லிதானே” என்று ஏறத்தான் செய்வார். எனவே பத்துப் பேர் எடைக்குக் குறையாமல் ஏற்றி, வேகமாகக் கீழே அனுப்பி, பாதி வழியில் மின்சாரத்தை வெட்டிவிட வேண்டும். மனிதர்களை ஏற்றி இதைச் செய்ய முடியாதல்லவா? அதற்காகவே கட்டடத்தின் கிடங்கில் நாற்பது இரும்புக் கட்டிகள் உண்டு. ஒவ்வொன்றும் இருபது கிலோ. ஏற்றி இறக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும்.

அந்த வியாழக்கிழமை மணி ஐந்து. கூட்டம் ஆறுக்கு. தையல்காரம்மா ஐந்தாவது தடவையாகப் போன் செய்திருந்தாள். “இன்னைக்கு மட்டும் உள்ள வாங்க. கடைசி நாள். வேற எதுவும் கேக்க மாட்டேன்.”

இருபத்தெட்டு வருட வேலையில் பார்க்காத ஒன்றைப் பார்த்ததாக அவர் எழுதியதே இல்லை. அன்று எழுதினார். பதினோராவது வரிசைக்கு எதிரே ‘சரி’ என்று போட்டுக் கையெழுத்திட்டார். அதற்குக் கீழே, ‘கட்டடத்தின் சார்பில் உடனிருந்தவர்’ என்ற கோட்டில் மச்சான் கையெழுத்திட்டான். “போங்க மாமா, போங்க. அக்கா அழுதுடும்.”

அவசரமாக வெளியே வந்தபோது ஒரு பெண் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு லிஃப்டுக்குள் போய்க்கொண்டிருந்தாள். “நல்லா இருக்குதாங்க லிஃப்ட்?”

“பிரமாதமா இருக்கும்மா.”

அங்கிருந்து நேராகச் சபைக்குப் போய்த்தான் எழுந்து நின்றார். அழுகை பொய்யில்லை. சிக்கலே அதுதான். பொய்யாக அழுதிருந்தால் வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கியிருப்பார். ‘எல்லாம் உமக்கு’ என்று ஒவ்வொரு நாளும் ஜெபத்தைத் தொடங்குவார். உடனே பதினோராவது வரிசை கண்முன் வந்து நிற்கும். ‘அதைத் தவிர’ என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலேயே அது அவர் கைக்குள் இருந்தது.

*

“லிஃப்ட் இன்னைக்கு ரெண்டு மணி நேரம் ஓடாதா? நீங்கதானே அன்னைக்குப் பிரமாதமா இருக்குன்னு சொன்னீங்க?”

‘பரிசோதனை நடக்கிறது’ பலகையைக் கதவில் மாட்டிக்கொண்டிருந்த லிஃப்ட்காரர் திரும்பிப் பார்த்தார். அதே பெண். இன்று நாற்காலி இல்லை, இரண்டு ஊன்றுகோல்.

“சொன்னேன்மா. பார்க்காம சொல்லிட்டேன்.”

அவளுக்கு என்ன புரிந்ததோ, “சரி, பார்த்துட்டே சொல்லுங்க” என்று ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு பெஞ்சுக்குப் போனாள்.

சாவிச் சத்தம் கேட்டது. “மாமா, சனிக்கிழமை நான் பனியனோட இருக்கிற நாள். அதுல இதுவா?”

“தள்ளுவண்டியைப் பிடி மச்சான். பேசுறதுக்கும் தூக்குறதுக்கும் ஒரே மூச்சுத்தான் இருக்கு.”

ஒரு நடைக்கு ஐந்து கட்டி. எட்டு நடை. மூன்றாவது நடையிலேயே மச்சானுக்கு வேர்த்து ஊற்றியது. “ஆண்டவர் பாவ பாரத்தைச் சுமப்பார்னு அக்கா சொல்லும். இந்தப் பாரத்துக்கு மட்டும் நான்தான் வேணுமா?”

“அன்னைக்கே சுமந்திருந்தா இன்னைக்குச் சுமக்க வேண்டாம்.”

“அதைத்தான் நானும் கேக்கறேன். ஒன்பது நாளா லிஃப்ட் நல்லாத்தானே ஓடுது? எதுக்கு இப்ப கிளறுறீங்க?”

லிஃப்ட்காரர் அடுத்த கட்டியைத் தூக்கினார். எண்ணிக்கொண்டே வந்தார். நாற்பது வந்த பிறகும் சந்தேகப்பட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

மொட்டைமாடி அறைக்கு இருவரும் படியேறிப் போனார்கள். லிஃப்டை மேல்மாடிக்கு வரவழைத்து, கயிறு ஓடும் சக்கரத்தில் லிஃப்ட்காரர் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். மின்சாரத்தை வெட்டிய பிறகு இந்தக் கோடு எவ்வளவு தூரம் சுற்றுகிறது என்பதை வைத்து, லிஃப்ட் எவ்வளவு வழுக்கியது என்று கணக்கிடலாம்.

“நிக்கலைன்னா?” என்றான் மச்சான். இப்போதுதான் அவனுக்கு அந்தக் கேள்வி வந்திருந்தது.

“அதுக்கும் கீழ வேற பிடிமானம் இருக்கு. ஆனா நிக்கலைன்னா, ஒன்பது நாளா நாம என்ன செஞ்சிருக்கோம்னு அப்ப தெரியும்.”

பொத்தானை அழுத்தினார். ‘டக்.’ கைகள் விரிந்தன. எண்ணூறு கிலோ இரும்பு கீழே இறங்கத் தொடங்கியது. சக்கரம் சுழன்றது. கோடு மங்கலான வளையமாகிப் போனது.

மெயின் சுவிட்சின் கைப்பிடியை ஒரு வினாடி பிடித்தபடியே இருந்தார். பிறகு இழுத்தார்.

விளக்கு அணைந்தது. ‘தடக்’ என்று ஒரு சத்தம். தரையே ஒரு தடவை அதிர்ந்தது. சக்கரம் நின்றது.

கைவிளக்கைப் போட்டுப் பார்த்தார். கோடு எல்லைக்குள்ளேயே நின்றிருந்தது. அனுமதித்த அளவைவிடக் கொஞ்சம் குறைவாகவே சுற்றியிருந்தது.

“நின்னுடுச்சு!” மச்சான் துள்ளிக் குதித்தான், சாவிகளும் அவனோடு குதித்தன. “பார்த்தீங்களா? அன்னைக்குச் செஞ்சிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். சும்மா எட்டு நடை! ஏன் மாமா, கரண்ட் போயும் எப்படிப் பிடிக்குது?”

“பிடிக்கிறது அதோட சுபாவம். அதுக்கு யாரும் ஒண்ணும் செய்ய வேண்டாம். விடுறதுக்குத்தான் கரண்ட் வேணும்.”

சொன்னவர், தான் சொன்னதைத் தானே கேட்டவர்போல, அந்த இரண்டு கட்டைகளையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

பிரேக் நன்றாக இருக்கிறது. யாருக்கும் ஒரு கீறலும் இல்லை. இனி நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

கட்டிகளை இறக்கி முடித்து, மச்சானின் அறையில் இருவரும் உட்கார்ந்தார்கள். லிஃப்ட்காரர் சீட்டுப் புத்தகத்தைப் பிரித்தார்.

பரிசோதனைச் சீட்டு மூன்று தாள். வெள்ளை அலுவலகத்துக்கு, மஞ்சள் கட்டடத்துக்கு, ரோஜா நிறம் புத்தகத்திலேயே இருக்கும். வெள்ளைத் தாள்களை மாதம் இரண்டு தடவை மேலதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும். அடுத்தது வரும் திங்கள். ஒவ்வொரு சீட்டுக்கும் எண் அச்சடித்திருக்கும். கிழித்துப்போட்டால் எண் இடிக்கும். தப்பாக எழுதிவிட்டால் மூன்று தாளையும் சேர்த்துப் பின் குத்தி, குறுக்கே கோடு இழுத்து, அடியில் ‘ரத்துக்கான காரணம்’ என்று இருக்கும் ஒற்றைக் கோட்டை நிரப்பி, பழையபடி இருவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

“அப்ப சுலபம்” என்றான் மச்சான். “ரத்து பண்ணுங்க. இன்னைக்குத் தேதியில புதுச் சீட்டு எழுதுங்க. இன்னைக்குச் செஞ்சது உண்மைதானே?”

“உண்மைதான். காரணம்?”

“எல்லாரும் என்ன எழுதுவாங்க?”

“எழுத்துப் பிழை.”

“அதையே எழுதுங்க. யார் கேக்கப் போறாங்க?”

“மச்சான், நான் தப்பா எழுதலை. செய்யாததை எழுதினேன். அதைத்தான் காரணம்னு எழுதணும்.”

மச்சானின் சிரிப்பு அப்படியே நின்றது. “அப்படி எழுதினா?”

“என் பரிசோதனை அட்டையைப் பிடுங்கிடுவாங்க. இருபத்தெட்டு வருஷம். பரவாயில்லை.”

“உங்களுக்குப் பரவாயில்லை. கீழ இருக்கிற கையெழுத்து யாரோடது?”

லிஃப்ட்காரர் புத்தகத்தில் இருந்த அந்தக் கையெழுத்தைப் பார்த்தார்.

“ரெண்டு வருஷம் வேலையில்லாம உங்க வீட்டு முன்னறையிலதான் படுத்துக் கிடந்தேன். நீங்க சொல்லித்தான் இந்த வேலை கிடைச்சுது. பின்னால இருக்கிற ரெண்டு ரூம்லதான் என் பெண்டாட்டி, ரெட்டைப் பிள்ளைங்க எல்லாம். வேலை போனா அந்த ரூமும் போச்சு. நீங்க உங்க வாழ்க்கையை ஆண்டவருக்குக் கொடுத்தீங்க. சந்தோஷம், அக்கா போன்ல சொன்னப்ப நானும்தான் கை தட்டினேன். என் வாழ்க்கையை எதுக்கு மாமா அதோட சேர்த்துக் கட்டிக் கொடுக்கிறீங்க?”

நியாயமான கேள்வி. தன்னுடையதைக் கொடுக்கலாம். இன்னொருவனுடையதை எடுத்துக் கொடுப்பது அர்ப்பணிப்பில் எப்படிச் சேரும்?

“மஞ்சள் தாளைக் கொடு மச்சான். என் காரணத்தை நான் எழுதறேன்.”

“எழுத்துப் பிழைன்னு எழுதறதா இருந்தா தரேன்.” அலமாரியைப் பூட்டினான். நூறு சாவியில் அந்தச் சாவியை மட்டும் வளையத்திலிருந்து கழற்றி இடுப்பு மடிப்பில் செருகிக்கொண்டான். “மாமா, இது கோபத்துல செய்யறது இல்லை. பயத்துல.”

*

நான்கரை மணிக்கு வீட்டுக்கு வந்தபோது, வெள்ளைச் சட்டை கதவுக் கொக்கியில் மடிப்புக் கலையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. தையல்காரம்மா மெஷினில் யாருடைய திரைச்சீலைக்கோ விளிம்பு அடித்துக்கொண்டிருந்தாள்.

“சபையில இருந்து மூணு பேர் போன் பண்ணிட்டாங்க. நாளைக்கு உங்க சாட்சியைக் கேக்கறதுக்காகவே தெருமுனை போட்டோ ஸ்டூடியோக்காரர் வர்றாராம். அவர் சபைப் பக்கமே வராத ஆளு!”

லிஃப்ட்காரர் உட்கார்ந்தார். எழுந்தார். தண்ணீர் குடித்தார். தம்ளரைக் கழுவினார். கழுவிய தம்ளரை மறுபடி கழுவினார்.

“மெஷினை நிறுத்தேன் கொஞ்சம்.”

அவள் சக்கரத்தில் கை வைத்து நிறுத்தினாள்.

“அன்னைக்கு வியாழக்கிழமை, செய்யாத பரிசோதனையைச் செஞ்சேன்னு கையெழுத்துப் போட்டுட்டுத்தான் சபைக்கு வந்தேன். இன்னைக்குப் போய்ச் செஞ்சேன். எல்லாம் நல்லா இருக்கு. ஆனா அன்னைக்குச் செய்யலை.”

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ, “எத்தனை மணிக்குப் போட்டீங்க?” என்று கேட்டாள்.

“அஞ்சு மணிக்கு.”

போனை எடுத்து அந்த வியாழக்கிழமைவரை விரலால் தள்ளிக்கொண்டே போனாள். நாலு பத்து. நாலரை. நாலு நாற்பத்திரண்டு. நாலு ஐம்பது. நாலு ஐம்பத்தேழு. எல்லாம் அவருடைய எண்.

“அஞ்சு தடவை கூப்பிட்டிருக்கேன்” என்றாள்.

“நீ கூப்பிட்டே. கையெழுத்து நான்தான் போட்டேன்.”

“உடனே வந்து சேருங்கன்னு நின்னது யாரு? ஆண்டவருக்கு ஆறு மணிக்குள்ள உங்களைக் கொடுத்தே ஆகணும்ங்கற மாதிரி!” ஊசியில் இருந்த நூலை இழுத்து அறுத்தாள். “சரி. தப்பைச் சரி பண்ணிட்டீங்க. இப்ப எதுக்கு முகம் இப்படி?”

அவர் சீட்டைப் பற்றிச் சொன்னார். ஒற்றைக் கோட்டைப் பற்றிச் சொன்னார். கீழே இருக்கும் இரண்டாவது கையெழுத்தைப் பற்றிச் சொன்னபோது அவள் நிமிர்ந்தாள்.

“தம்பியா?”

“ஆமா.”

அந்தத் தம்பிக்கு ஆறு வயதானபோது தாய் இறந்துபோனாள். தையல்காரம்மாவுக்கு அப்போது பதினாறு. அவனுக்குச் சட்டை தைக்கத்தான் முதன்முதலில் மெஷினில் உட்கார்ந்தாள். இதைப் பழைய வாசகர்கள் அறிவார்கள்.

“அப்படின்னா எழுத்துப் பிழைன்னே எழுதிடுங்க” என்றாள். கொஞ்சமும் யோசிக்கவில்லை. கை சுடும்போது எடுப்பதுபோல அவ்வளவு வேகமாக வந்தது அந்தப் பேச்சு.

அவர் அவளையே பார்த்தார். அவளுக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

“நான் என்ன சொன்னேன் இப்ப?”

“எழுத்துப் பிழைன்னு எழுதச் சொன்னே.”

“நானா?”

“நீதான்.”

தையல்காரம்மா திரைச்சீலையை மடியில் குவித்துப் பிடித்துக்கொண்டாள். “இருபத்திரண்டு வருஷம் உங்களைப் பிடிச்சு உலுக்கினேன். கொடுங்க, கொடுங்க, முழுசாக் கொடுங்கன்னு. நான் எப்பவோ கொடுத்து முடிச்சவள்னு நினைச்சுட்டு இருந்தேங்க. என் தம்பியை மட்டும் இந்த முந்தானையிலேயே முடிஞ்சு வெச்சிருக்கேன். எனக்கே தெரியலை பாருங்க.”

“நான் அவனுக்காக எழுத மாட்டேன். என்னுடையதை மட்டும்தான் எழுதுவேன்.”

“உங்களுடையதை எழுதினா அவனுடையது தானா தெரியுமே.”

“தெரியும்” என்றார்.

அப்போது மாடிப்படியில் சாவிச் சத்தம் கேட்டது.

மச்சான் உள்ளே வந்தான். பனியன்மேல் சட்டையைப் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தான். மஞ்சள் தாளை மேஜைமேல், இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தான்.

“நீங்க கிளம்பின உடனே லிஃப்ட் கதவு திறந்துச்சு மாமா. உள்ள இருந்து என் ரெட்டைங்க ரெண்டும் ஓடி வருதுங்க. தினமும் சாயங்காலம் அதுதான் அதுங்களுக்கு விளையாட்டு. மேல, கீழ, மேல, கீழ. ஒன்பது நாளும் அதுலதான் போயிட்டு வந்திருக்குங்க. எனக்கு அதுவரைக்கும் அது தோணவே இல்லை. அப்படியே படியில உட்கார்ந்துட்டேன்.”

“உக்காருடா” என்றாள் அக்கா.

“உக்காரலை. தாளைக் கொண்டுவந்தேன், அவ்வளவுதான். கையெழுத்துப் போடுவேன்னு சொல்லலை. அதையும் இப்பவே சொல்லிடறேன்.”

லிஃப்ட்காரர் வெள்ளை, மஞ்சள், ரோஜா மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓரம் சேர்த்து அடுக்கினார். பின் குத்தினார். குறுக்கே கோடு இழுத்தார். இதெல்லாம் கை தானாகச் செய்யும் வேலை. ‘ரத்துக்கான காரணம்’ என்ற இடத்துக்கு வந்ததும் கை நின்றது. பேனாவை அப்படி இறுக்கிப் பிடித்திருந்தார், விரல் நுனி வெளுத்துவிட்டது.

கண்ணை மூடினார். ஜெபம் என்று சொல்லத்தக்க சொற்கள் அவருக்கு இன்னும் பழகவில்லை. வேலைக்காரர் பாஷையில்தான் வந்தது. “ஆண்டவரே, பிடிக்கிறது எனக்குத் தானா வருது. விடுறதுக்குத்தான் என்கிட்ட ஒண்ணும் இல்லை. அதை நீங்கதான் தரணும்.”

எங்கிருந்தும் எந்தச் சத்தமும் வரவில்லை. ஆனால் பேனா நகர்ந்தது.

‘பிரேக் சோதனை செய்யாமலே செய்ததாகக் கையெழுத்துப் போட்டேன். சபைக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது.’

“என் பேரையும் எழுதுங்க” என்றாள் தையல்காரம்மா. “மனைவி அஞ்சு தடவை அவசரப்படுத்தினாள்னு.”

“அதுக்கெல்லாம் இதுல கட்டம் இல்லைம்மா.”

“கட்டம் போட்டுக்குங்க.”

மூன்று பேருக்கும் ஒரு கணம் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

“நாளைக்கு?” என்று கேட்டாள், கொக்கியில் தொங்கும் சட்டையைப் பார்த்தபடி. “ஸ்டூடியோக்காரர் எல்லாம் வர்றாரே.”

“இதைத்தான் சொல்லணும். வேற ஒண்ணும் என்கிட்ட இல்லை.”

மடியிலிருந்த திரைச்சீலையை மடித்து வைத்தாள். “சொல்லுங்க. ஆனா ‘ஸ்தோத்திரம்’னு ஆரம்பிங்க.”

லிஃப்ட்காரர் தன் கையெழுத்தைப் போட்டுப் பேனாவைத் தாளின்மேல் வைத்தார். அவர் கையெழுத்துக்குக் கீழே இன்னொரு கோடு காலியாக இருந்தது. கட்டடத்தின் சார்பில்.

அக்காவின் கை பேனாவை நோக்கிப் போனது. தம்பி பக்கம் அதை நகர்த்தவா, அவனுக்கு எட்டாமல் எடுத்து வைக்கவா என்று அவளுக்கே தெரியாது. பாதி வழியில் அந்தக் கை நின்றது. பிறகு விரல்கள் விரிந்தபடியே மடிக்குத் திரும்பி வந்தன.

மச்சான் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். கையெழுத்துப் போடக் கை காலியாக வேண்டும் என்றா, கையெழுத்தும் வேண்டாம் வேலையும் வேண்டாம் என்றா? அந்தச் சத்தத்திலிருந்து எதுவும் தெரியவில்லை.